சாப்பிட வாங்க

“கோவமா? சேச்சே, சந்தோசமாத்தான் கூப்புடுது” என்று சொல்லி, குப்புராஜ் ‘மகிழ்ச்சி’ பொத்தானை அமுக்கினார்.

லேப்டாப்பில் அந்தப் பெண்குரல் “சாப்பிட வாங்க” என்று சொன்ன வேகத்துக்குப் பின்னாலேயே தட்டும் பறந்து வந்திருக்க வேண்டும்.

காவியா தலையில் கை வைத்துக்கொண்டாள். அறுபது தாண்டியவர்களுக்குக் குரலில் இருக்கும் உணர்ச்சி எவ்வளவு புரிகிறது என்று ஆன்லைனில் சோதிப்பது அவளுடைய எம்.எஸ்சி. ஆய்வு. நல்லம்பள்ளியில் அவளுக்குச் சிக்கியவர் அக்கா வெண்மதியின் மாமனார் குப்புராஜ்தான்.

“மாமா, வார்த்தைய விடுங்க. குரலைக் கவனிங்க.”

“கவனிச்சுட்டுத்தானே சொல்றேன்? கோவம்னா ‘வா’ன்னு சொல்லியிருக்குமே. ‘ங்க’ போட்டு யாராச்சும் திட்டுவாங்களா?”

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது.

காவியாவுக்குக் காரணம் தெரியும். நேற்று, குழாயில் தண்ணீர் வராத எரிச்சலில், வெண்மதி மாமனாரைப் பார்த்துக் கத்தியதும் இதே இரண்டு வார்த்தைதான். “மூணு வூட்டுக்குக் கேட்டிருக்கும்டி” என்று போனில் அழுதிருந்தாள். காலையில் அவர், கடத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாகத் துணிப்பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. எப்போது திரும்புவீர்கள் என்று கேட்கவும்தான்.

அடுத்த குரல் சீறியது.

“இதுவும் மகிழ்ச்சிதான். நல்ல குடும்பத்துப் புள்ளையாட்டம் இருக்குது.”

திரையில் முடிவு வந்தது. சோகம், பயமெல்லாம் பரவாயில்லை. கோபத்துக்கு முட்டை.

“அக்கா, மாமாவுக்குக் கோவக் குரலே புரிய மாட்டேங்குதுக்கா!”

வெண்மதி ஓடி வந்தாள். “அப்ப… நேத்து நான் சாப்பிடக் கூப்பிட்டது…?”

“கூப்பிட்ட. வந்து சாப்பிட்டேன். ரசம் அருமை. அதுக்கென்ன இப்போ?”

“அப்ப வாசல்ல இருக்கற பை எதுக்குங்க, மாமா?”

“பேத்தியப் பாத்து நாளாச்சேன்னு எடுத்து வெச்சேன். வெயிலு இப்பவே கொளுத்துது. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்.”

வெண்மதி பையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். “காப்பி வெக்கட்டுங்களா மாமா?” என்று குரல் மட்டும் வந்தது.

குப்புராஜ் காவியாவின் பக்கம் குனிந்தார்.

“இந்த மார்க்கைக் காலேஜுக்கு அனுப்பிடாத கண்ணு, உன் ஆராய்ச்சி கெட்டுப்போயிரும். நாளைக்கு உங்கக்கா ரேஷன் கடைக்குப் போவா. அப்ப வா, நெசமான பதிலைச் சொல்றேன்.”