வழக்கம்போல் செருகவும்

உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கம்ப்யூட்டர் போர்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த கணவர், வழிகாட்டிப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார்.

"'மெமரி கார்டை வழக்கம்போல் செருகவும்'னு போட்டிருக்கான். எந்தப் பக்கம் செருகறது? மண்டையில களிமண்ணா இவனுக்கு?"

மனைவி குனிந்து எடுத்தாள். அன்று அந்தப் புத்தகம் எழுதப்பட்டபோதே அவளும் இதைத்தான் கேட்டிருந்தாள். 'சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!' என்று சிரித்திருந்தார் எழுதியவர்.

"அவனைக் கூப்பிடு. நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறேன்."

பழகின வேலையைக் கொடுத்தால் ஞாபகம் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் இதை எடுத்துக் கொடுத்திருந்தாள்.

பின்னட்டையில் சிரித்துக்கொண்டிருந்த கணவரின் போட்டோவைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.

"எழுதினவர் இப்போ இல்லைங்க."

"அடப் பாவமே!" என்று உச்சுக்கொட்டினார் கணவர். "பொண்டாட்டி இருக்காங்களா?"