பதினேழு மேலங்கிகள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, செர்பியாவில் எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ராடிசாவுக்கு எழுபத்து நாலு வயது. "இதயம் பெரிதாகிவிட்டது. தினமும் காலையில் எடை பாருங்கள், மாத்திரை போடுங்கள், உப்பைத் தொடாதீர்கள்" என்று சொல்லி மருத்துவமனையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மறுவாரமே வீட்டைக் காக்கும் புனிதரின் திருநாள். பதினேழு விருந்தாளிகள்.

"எனக்கு மட்டும் நோயாளித் தட்டு வச்சேன்னா, நான் பந்தியிலயே உட்கார மாட்டேன்" என்றார் மனைவியிடம்.

"எல்லாருக்கும் ஒரே சட்டிதான், கத்தாதீங்க" என்றாள் ரோசாந்தா.

அன்று முட்டைக்கோஸ் சுருளை வாயில் வைத்தார். சப்பென்றிருந்தது. மானம் போயிற்று என்று தலை குனிந்தார். ஆனால் எதிரே மிலுட்டின், எந்த வீட்டுச் சாப்பாட்டிலும் குறை சொல்லாமல் எழாத மனுஷர், மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். இவர்களுக்கு மட்டும் தனியாகச் சமைத்துவிட்டாளோ? ராடிசாவ் அவர் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பறித்துத் தின்றார். அதுவும் சப்பென்றுதான் இருந்தது.

"திருடா, உன் தட்டுல இல்லையா?" என்று சிரித்தார் மிலுட்டின்.

மிலுட்டின் புறப்படும்போது ராடிசாவ் அவருடைய மேலங்கியை எடுத்துக் கொடுத்தார். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. தடவினால் உள்ளே உப்பு.

"உன் பெண்டாட்டி எல்லாருக்கும் போன் பண்ணினா. சமையல்ல உப்பு இருக்காது, வேணும்னா கொண்டு வாங்கன்னா."

"அப்புறம் ஏண்டா போட்டுக்கல?"

"உன்னை எதிர்ல வச்சுக்கிட்டா? போடா கிழவா!"

ராடிசாவ் வரிசையாகத் தொங்கிய மேலங்கிகளின் பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மொத்தம் பதினேழு பொட்டலங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. வழியனுப்பப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல் நின்றார்.

உங்கள் வீட்டுப் பந்தியிலும் அப்படிப்பட்டவர்களே வந்து உட்காரட்டும், கண்ணுகளா.