பெயர் வைக்கும் மேடை

குழந்தை மருத்துவர் எழிலோவியாவின் தாத்தா மந்திரி, அப்பா எம்.எல்.ஏ. அப்பா செத்ததும் கட்சி இவளைத் தேர்தலில் நிறுத்தியது. கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஓட்டுக் கேட்கப் போனவள் ஜெயித்தாள். நன்றி சொல்லும் கூட்டத்தில், வழக்கம்போல, பெயர் வைக்கச் சொல்லி மேடைக்குக் குழந்தைகளைத் தூக்கிவந்தார்கள். ஒருத்தி நீட்டிய ஆண் குழந்தையை வாங்கியதும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உதடு நீலமாக இருந்தது. உள்ளங்கைக்குக் கீழே அதன் நெஞ்சு, மடியில் படுத்த பூனைபோல உறுமியது; இதயக் கோளாறு என்று தொட்டதுமே தெரிந்தது. “ஆஸ்பத்திரியில காட்டலையா?” என்று தாயின் காதருகே கேட்டாள். “உங்க கிளினிக்குக்குத்தாம்மா வந்தோம், பூட்டியிருந்துச்சு. ஜெயிச்சதும் உங்ககிட்டயே காட்டிக்கலாம்னு, பேர்கூட வைக்காம காத்திருந்தோம்.” ஒன்றியச் செயலாளர் மைக்கை நீட்டினார். “பேரைச் சொல்லுங்கம்மா, கூட்டம் பாக்குது.” ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மைக்கில் கேட்டதோ தாத்தாவின் பெயர். மைதானமே கைதட்டியது, சரவெடி கொளுத்தினார்கள். மேடையிலிருந்த குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழுதன. அவள் கையிலிருந்தது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அடுத்த குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொல்லி யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள்.