துண்டு போட்ட இருக்கை

சட்டசபையில் தன் கணவர் உட்காரும் நாற்காலியின்மேல் மணிமொழிக்குச் சக்களத்திப் பொறாமை. கல்யாண நாளோ, குழந்தைக்குக் காய்ச்சலோ, எதுவானாலும் "சபை இருக்கு, வந்துடறேன்" என்று எம்.எல்.ஏ. செங்குட்டுவன் அதனிடம்தான் ஓடுவார்.

இன்று பட்ஜெட். நாத்தனாரோடு டிவி முன்னால் உட்கார்ந்தாள். கேமரா மெல்ல நகர, வரிசையாகக் காலி நாற்காலிகள். கணவருடையதில், பஸ்ஸில் இடம் பிடித்த மாதிரி, கட்சிக் கரை போட்ட துண்டு மட்டும் கிடந்தது. காலையில் அவளே இஸ்திரி போட்டு அவர் தோளில் மடித்து வைத்த துண்டு.

"அண்ணனை எங்க அண்ணி காணோம்? துண்டுதான் பட்ஜெட் கேக்குது போல!" என்று நாத்தனார் சிரித்தாள்.

மணிமொழி போன் போட்டாள்.

"சபைல இருக்கேன்டி. மந்திரி பேசிட்டிருக்கார், வை" என்று கிசுகிசுத்தார் அவர். அவருக்குப் பின்னால் நிதானமாகக் குக்கர் விசில் அடித்தது. "அடுப்பை அணைக்கட்டுமாங்க?" என்றது ஒரு பெண் குரல்.

டிவியில் துண்டு அப்படியே கிடந்தது. மணிமொழி எழுந்து போய்த் திரையில் அந்த நாற்காலியைத் தொட்டாள்.

"உங்கிட்டயும் வந்துடறேன்னுதானே சொல்லிட்டுப் போனாரு?"