கம்பெனிக் கண்கள்

மின்சில்லுத் தொழிற்சாலையில் சேர்ந்தபோது மரகதவல்லியின் சொந்தக் கண்களை எடுத்துவிட்டுக் கம்பெனிக் கண்களைப் பொருத்தினார்கள். அவை கம்பெனியின் சொத்து என்று சொல்லியே அவளை வேலையிலிருந்து விலகவிடவில்லை. ஒன்பது வருஷம் வழக்காடி, சர்வதேச மனித உரிமை நீதிமன்றத்தில் அவள் ஜெயித்தாள். யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது என்றது தீர்ப்பு.

மறுநாள் காலை மேலாளர் ஒரு டாக்டரோடு வீட்டுக்கு வந்தார்.

“தீர்ப்பை முழுசா மதிக்கிறோம்மா. இனி உங்களை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. எங்க பொருளை மட்டும் எடுத்துக்கிறோம்.”

“கண்ணையா?”

“கண்ணைப் பத்தி நீங்க கோர்ட்டுல கேக்கவே இல்லையேம்மா.”

டாக்டர் பெட்டியைத் திறந்தார். மகள் செண்பகம் அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அழாதடி. மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு வெளிச்சத்துல நில்லு. ஒருதரம் நல்லாப் பாத்துக்கிறேன்.”

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.