கம்பீரன் காற்று இறக்கிய கதை

பாலைவனம் தொடங்குகிற இடத்தில் மூன்று சிநேகித பைக்குகள் வந்து நின்றன. மணலில் ஓட வேண்டுமென்றால் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் டயர் பரந்து, மணலில் புதையாமல் போகும். செவலை, குருவி என்ற இரண்டு பைக்குகளும் புஸ்ஸென்று இறக்கிக்கொண்டன.

மூன்றில் பெரிய பைக்கான கம்பீரன் மட்டும் மாட்டேன் என்றது. "தொளதொளன்னு டயரை வச்சுக்கிட்டு நாலு பேர் முன்னாடி எப்படிப்பா போறது?"

சுற்றுமுற்றும் நாலு பேர் இல்லை. முள்செடியை மென்றுகொண்டு ஓர் ஒட்டகம் நின்றது. வேறு வேலை இல்லாததால் அதுவும் கூடவே வந்தது.

முதல் மேட்டிலேயே கம்பீரன் புதைந்தது. மற்ற இரண்டும் கயிறு கட்டி இழுத்தன.

"மணல் சரியில்லை" என்றது கம்பீரன்.

அடுத்த மேட்டிலும் புதைந்தது.

"நீங்க ஒழுங்கா இழுக்கலை" என்றது.

மூன்றாவது மேட்டில் புதைந்தபோது குருவி தன் டேங்கை ஆட்டிப் பார்த்தது. "இன்னொரு தடவை உன்னை இழுத்தா பெட்ரோல் காலி. அப்புறம் மூணு பேரும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்."

கம்பீரன் வெகுநேரம் யோசித்தது. வெயிலில் சீட்டு கொதித்தது. கடைசியில் குருவியிடம் தணிந்த குரலில் சொன்னது:

"அந்த ஒட்டகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லு."

ஒட்டகம் மறுபேச்சில்லாமல் திரும்பி நின்றது. பின்னால் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. அது அடங்கியதும், "இப்போ திரும்பலாமா?" என்று ஒட்டகம் மரியாதையாகக் கேட்டது.

"பொறுங்க" என்றது கம்பீரன். "இன்னொரு டயர் இருக்கு."