நண்டுகள் கதவடைக்கும் நேரம்

ஆஸ்திரேலியாவின் புரூம் கரையில் கடல் வற்றிக் கிடக்கும் நண்பகல். முத்துக்குளித்த காலத்தில் மூழ்கிய படகொன்றின் விலாக்கட்டைகள், கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிச் சேற்றில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அதைப் படம் பிடிக்க வந்த என் அக்கா புருஷன் கிரெய்க் முழங்கால்வரை புதைந்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்து இழுக்கிறேன். "தண்ணியே கண்ணுல காணோம், ஏன்டா நடுங்குற? முத்துக்குளிச்ச பரம்பரைன்னு பீத்திக்கிட்டியே!" மெல்போர்ன் நகரத்திலிருந்து வந்த கிரெய்க் சிரிக்கிறார். "கடல் முன்னாடியிருந்து வராது அத்தான். ஓடை வழியா வந்து பின்னாடி மறிச்சிரும். வாயை மூடிட்டுக் காலை ஆட்டுங்க." காலடியில் மேய்ந்துகொண்டிருந்த நண்டுகள் ஒவ்வொன்றாக வளைக்குள் இறங்கி, சேற்றுருண்டையால் வாயிலை அடைத்துக்கொள்கின்றன. கடல் ஏறுமுன் அவை அப்படித்தான் செய்யும். எங்கள் முதுகுக்குப் பின்னால் சலசலக்கிறது. கிரெய்க்கின் சிரிப்பு நிற்கிறது. கடைசி நண்டும் கதவடைத்துவிட்டது. வெளியே நிற்பது நாங்கள் இருவர்தான்.